மண்டிக்கு வந்த மீன் பெட்டி

அன்று மண்டியில் இருந்தவர்கள் ஏழு பேர். முதலாளி வேலுச்சாமி அய்யா. ஏலக்காய் பொறுக்கும் பெண்கள் நால்வர். அவர்களில் தேவாரம் ஊர்க்காரியான பேச்சியம்மாளைத் தவிர மற்ற மூவரின் பெயர் மறந்துவிட்டது, மூக்குத்திகள் மட்டும் நினைவில் நிற்கின்றன. மலையிலிருந்து சரக்கு இறக்கும் கழுதைக்காரன் கருப்பையா. ஏழாவது நான். மீன்களையும் சேர்த்து எண்ணினால் பதினெட்டு.

கருப்பையா மண்பானையைச் சாய்த்தான். பானைத் தண்ணீரோடு மீன்கள் கண்ணாடிப் பெட்டிக்குள் இறங்கின. அயிரை ஆறு, கெண்டைக் குஞ்சு ஐந்து. அயிரைகள் நேரே மணலுக்குப் போய்ப் படுத்துக்கொண்டன. கெண்டைகள் நாலு மூலைக்கும் ஓடி, கண்ணாடியில் மூக்கை முட்டி, திரும்பி ஓடின. வாசல் வெயில் பெட்டியின் ஊடே புகுந்து எதிர்ச் சுவரில் ஆடியது.

ஆற்றில் மீனை நாங்கள் மேலிருந்துதான் பார்த்திருக்கிறோம். முதுகு தெரியும், அவ்வளவுதான். தண்ணீரின் நடுவில் ஒரு மீன் எப்படி நிற்கிறது, நின்றபடி எப்படி வாயைத் திறந்து மூடுகிறது என்பதை எங்களில் யாரும் பக்கத்திலிருந்து கண்டதில்லை.

"யாத்தே, நம்மள முழிச்சு முழிச்சுப் பாக்குதுடி," என்றாள் ஒருத்தி.

"அதுக்கு இமை கெடையாது. உன்னைப் பாத்து ஒண்ணும் முழிக்கல, வேலையப் பாரு," என்றாள் பேச்சியம்மாள். ஆனால் அவளும் காய் புடைக்கும் சுளகைக் கீழே வைத்துவிட்டு வந்து நின்றாள்.

முதலாளி தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு பெட்டிக்கு எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். தண்ணீரின் ஓரத்தில் வெள்ளையாக நுரை கட்டியிருந்தது.

"பாலு மாதிரி நுரைக்குதேப்பா. நல்ல தண்ணி," என்றார்.

நான் மீனையும் பார்க்கவில்லை, நுரையையும் பார்க்கவில்லை. பெட்டிக்கு அடியில் விரித்திருந்த பழைய காகிதத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் ஈரம் இல்லை. ஈரம் இல்லை என்று தெரிந்த பிறகும் விரலால் தொட்டுத் தொட்டுப் பார்த்தேன்.

ஈரம் என்றால் பயம்

காகிதத்தின் மேல் ஏன் அவ்வளவு கண் என்று சொல்ல வேண்டும். ஏலக்காய் வியாபாரம் தெரிந்தவர்கள் இந்த இடத்தைத் தாண்டிப் போய்விடலாம்.

மலையில் பறித்த காயைக் கொட்டகையில் தீ மூட்டி அந்தச் சூட்டில் உலர்த்துவார்கள். நன்றாக உலர்ந்த காய் பச்சை மாறாமல் இருக்கும். காதருகே வைத்துக் குலுக்கினால் உள்ளே விதை கலகலக்கும். அந்தப் பச்சைக்குத்தான் விலை. ஈரம் பட்டால் காய் வெளுத்துவிடும், நாலு நாளில் பூசணம் பிடிக்கும். மழைக்காலத்தில் போடிமெட்டிலிருந்து கழுதைப் பாதையில் மூட்டை இறக்கும்போது கருப்பையா தன் கம்பளியைத் தான் போர்த்திக்கொள்ள மாட்டான், மூட்டைக்குத்தான் போர்த்துவான். வேலுச்சாமி அய்யாவின் பழைய மண்டியில் குடிதண்ணீர்ப் பானைகூட வாசலுக்கு வெளியேதான் இருந்தது. வெற்றிலை போட்டவன் வாய் கொப்பளிக்கத் தெருவுக்குப் போக வேண்டும்.

அப்படிப்பட்டவர், புதிதாகக் கட்டிய மண்டியின் நடுக்கூடத்தில், ஏழு குடம் தண்ணீரைக் கண்ணாடிக்குள் நிறுத்தி வைக்கத் துணிந்தார். அதற்கு ஒரு காரணம் இருந்தது. தூத்துக்குடிக்குப் போனபோது ஒரு ஏற்றுமதிக்காரர் வீட்டில் அப்படி ஒரு பெட்டியைப் பார்த்தாராம்.

"மீனு அந்தரத்துல நிக்கிதுப்பா. நான் அதையே பாத்துக்கிட்டு இருக்கேன், அவன் வெலையச் சொல்லிக்கிட்டே போறான். சரி, சரின்னு தலைய ஆட்டிட்டேன். வெளிய வந்து கணக்குப் பாத்தா எனக்கு எப்பவும் வர்றதுல பாதிதான் வந்திருக்கு. அன்னைக்கு முடிவு பண்ணுனேன், நம்ம மண்டிக்கும் ஒண்ணு வேணும்னு."

மதுரை டாக்டர்

எனக்கு அப்போது இருபத்து நாலு வயது இருக்கலாம். தகரக் கடை வைத்திருந்தேன். புனல், எண்ணெய்க் குவளை, அளக்கும் படி எல்லாம் செய்வேன் என்றாலும், சோறு போட்டது மலைக் கொட்டகைகளுக்குச் செய்துகொடுத்த கைவிளக்குதான். நாலு பக்கமும் கண்ணாடி வைத்து, மூலைகளை ஈயத்தால் பற்றவைத்து, மேலே புகை போக ஒரு தொப்பி. அதில் ஒன்றைத் தூக்கித் திருப்பிப் பார்த்துக்கொண்டே அய்யா கேட்டார்.

"இதையே பெருசா, தண்ணி நிக்கிற மாதிரி செய்ய முடியுமா? மீன் விடுறதுக்கு."

"முடியும்யா."

"முன்னப் பின்ன செஞ்சிருக்கியா?"

இல்லை என்று சொல்லியிருக்க வேண்டும். சொன்னால் மதுரையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டி வருவார். வருகிற ஆள் விளக்கும் செய்யத் தெரிந்தவனாக இருப்பான். அவன் விளக்கு என் விளக்கைவிட நன்றாக இருக்கும். பிறகு மலைக்காரர்கள் எல்லோரும் அவனிடமே வாங்குவார்கள். இவ்வளவும் என் மண்டைக்குள் கண் மூடித் திறப்பதற்குள் ஓடி முடிந்துவிட்டது.

"மதுரையில ரெண்டு செஞ்சு குடுத்திருக்கேன்யா," என்றேன்.

ஒன்று என்று சொன்னால் அது நன்றாக வந்ததா என்று கேட்பார். இரண்டு என்றால், முதலாவது நன்றாக வந்ததால்தான் இரண்டாவது என்று அவரே நினைத்துக்கொள்வார் என்று ஒரு கணக்கு.

"யாருக்கு?"

"ஒரு டாக்டருக்கு."

"இன்னொண்ணு?"

"அவரு மச்சானுக்கு."

மதுரைக்கு அதுவரை ஒரே ஒரு தடவைதான் போயிருந்தேன். தகரம் வாங்கிய கடைக்கும் வண்டிப் பேட்டைக்கும் நடுவே நடந்ததோடு சரி. வழி தவறிவிடும் என்று கோயிலுக்குக்கூடப் போகவில்லை.

பெட்டிக்குப் பதினெட்டு ரூபாய் பேச்சு. கண்ணாடி வாங்க எட்டு ரூபாய் முன்பணம். புது மண்டியின் திறப்பு ஒரு வெள்ளிக்கிழமை என்று நாள் குறித்திருந்தார். அன்றைக்குப் பெட்டி ஒழுகாமல் நின்று உள்ளே மீன் நீந்தினால், அந்த வருஷம் மலைக் கொட்டகைகளுக்குத் தேவையான அறுபது விளக்கும் என்னிடமே வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். அறுபது விளக்கு என்றால் எனக்கு ஒரு வருஷச் சோறு.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். நான் படிப்பை விட்டதும் இப்படி ஒரு பயத்தில்தான். மூன்றாம் வகுப்பில் இருந்தபோது ஒரு நாள் சிலேட்டு கை தவறி உடைந்துவிட்டது. வாத்தியார் அடிப்பார் என்று மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாள் போனால், நேற்று ஏன் வரவில்லை என்று கேட்பார். மூன்றாம் நாள் போனால் இரண்டு நாளைக்கும் சேர்த்துக் கேட்பார். இப்படி ஒவ்வொரு நாளும் கேள்வி பெரிதாகிக்கொண்டே போனது. நான் போகவே இல்லை. பிற்பாடு அந்த வாத்தியாரே என் கடைக்குப் புனல் வாங்க வந்தார். என்னை அவருக்கு அடையாளம் தெரியவில்லை. புனலுக்கு நான் காசு வாங்கவில்லை.

கண்ணாடிக்குக் காவல்

எங்கள் ஊருக்கு ரயில் வராத காலம். கண்ணாடிகள் அம்மையநாயக்கனூர் ஸ்டேஷனில் இறங்கி, வைக்கோலுக்குள் படுத்து, மாட்டு வண்டியில் வந்தன. அவற்றை வாங்கி வர நானே போயிருந்தேன். திரும்பும்போது வண்டியில் ஏறவில்லை. என் பாரத்தில் கண்ணாடி விரிசல் விட்டுவிடும் என்று பயம். பெரியகுளம் வரைக்கும் பொறுத்துப் பார்த்த வண்டிக்காரர் அதற்கு மேல் கேட்டேவிட்டார்.

"ஏன்டாப்பா, உள்ள என்ன பிள்ளத்தாச்சியா படுத்திருக்கா? பள்ளம் வந்தா 'மெள்ள மெள்ள'ங்கிற, மேடு வந்தா 'மெள்ள மெள்ள'ங்கிற."

"கண்ணாடிண்ணே."

"கண்ணாடிதான? பிள்ளைன்னு நெனச்சேன்."

நாலு கண்ணாடியும் முழுசாக வந்து சேர்ந்தன. கனத்த தகரத்தை மடக்கிச் சட்டம் செய்தேன். அடியில் ஒரு பலகைக் கல். விளக்குக்குக் கண்ணாடி ஆடாமல் நின்றால் போதும். இதற்குத் தண்ணீர் வெளியே வரக் கூடாது. அதற்குக் கருப்பையாதான் வழி சொன்னான். மலையிலிருந்து குங்கிலியம் கொண்டு வந்து கொடுத்தான். அதை இடித்து, நல்லெண்ணெயில் காய்ச்சி, சுண்ணாம்புத் தூள் சேர்த்துப் பிசைந்தால் ஒரு சாந்து வரும். சூடாக இருக்கும்போது மெழுகு மாதிரி இழுபடும், ஆறினால் கல். மூலைகளில் அதைத் திணித்து அழுத்தினேன்.

என் வீட்டிலேயே ஒன்பது நாள் தண்ணீர் நிரப்பி வைத்துப் பார்த்தேன். ஒரு சொட்டு இறங்கவில்லை. ஆனால் தண்ணீரின் மேல் எண்ணெய் படர்ந்து, மயில் கழுத்து மாதிரி நிறம் நிறமாக மின்னியது. சாந்திலிருந்து கசிந்த நல்லெண்ணெய். இதை இப்படியே கொண்டு போனால், 'ரசமா வச்சிருக்கே?' என்று அய்யா கேட்பார் என்று கவலை பிடித்துக்கொண்டது.

எண்ணெய்ப் பிசுக்கு என்றால் நம் வீடுகளில் கை தானாக எதைத் தேடும்? நானும் அதைத்தான் எடுத்தேன். சீயக்காய்த் தூளைக் கரைத்துப் பெட்டியின் உட்புறம் முழுக்கத் தேய்த்தேன். அடியில் போட ஆற்று மணல் அள்ளி வைத்திருந்தேன். அதிலும் அழுக்கு இருக்குமே என்று, அரைப்படிச் சீயக்காயைக் கரைத்த தண்ணீரில் மணலை ஊறப்போட்டேன். மறுநாள் மணலை அள்ளி முகர்ந்தால் தலைக்குக் குளித்த வாசனை. இவ்வளவு சுத்தமான மணல் தீபாவளிக்குக்கூட யாரும் கண்டிருக்க மாட்டார்கள் என்று எனக்குப் பெருமை. மணக்கிறதே என்று ஒரே ஓர் அலசோடு விட்டுவிட்டேன்.

நுரை

இனி அந்த ஏழு பேர் இருந்த நாளுக்குத் திரும்புகிறேன். அது புதன்கிழமை. திறப்புக்கு இரண்டு நாள் இருந்தது.

அய்யா சாப்பிடப் போனார். பெண்கள் பின்கட்டில் காய் பொறுக்கப் போனார்கள். கருப்பையா கழுதைகளுக்குத் தண்ணீர் காட்டப் போனான். நான் காகிதத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

நிமிர்ந்தபோது கெண்டைகள் ஐந்தும் மேலே வந்து, தண்ணீரும் காற்றும் சேரும் இடத்தில் வாயை வைத்து, வெளிக்காற்றைக் குடிப்பது போல் தவித்துக்கொண்டிருந்தன. பசி என்று நினைத்து நாலு பருக்கைச் சோறு போட்டேன். ஒன்றும் தொடவில்லை. மண்டியில் தீபம் ஏற்றும் முன்பே பதினோரு மீனும் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன.

அள்ளி எடுத்துவிட்டுப் பெட்டியைச் சாக்கால் மூடினேன். அய்யா வந்து கேட்டபோது, "புது எடம்யா. பழகுற வரைக்கும் வெளிச்சம் ஆகாது," என்றேன். இது மூன்றாவது பொய். டாக்டருடைய மச்சானையும் சேர்த்தால் நான்காவது.

வியாழக்கிழமை விடிந்ததும் கருப்பையாவை ஆற்றுக்கு விரட்டினேன். அவன் கொட்டகுடி ஆற்றில் துண்டு விரித்து மறுபடியும் ஒன்பது மீன் பிடித்து வந்தான். அதற்குள் நான் பழைய தண்ணீரை இறைத்துவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றி வைத்தேன். மணலை மாற்றவில்லை. அவ்வளவு பாடுபட்டுச் சுத்தம் செய்த மணலை யாருக்கு மாற்றத் தோன்றும்? உச்சிப்பொழுதுக்கு முன்னால் அந்த ஒன்பதும் போயின.

பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். அறுபது விளக்கும் ஒவ்வொன்றாக அணைந்துகொண்டே வருவது போல் இருந்தது. பேச்சியம்மாள் காய்ச் சுளகோடு அந்தப் பக்கம் வந்தவள் நின்றாள். அவளுக்கு என்னைவிட ஆறேழு வயது கூட. நான் மதினி என்று கூப்பிடுவேன். அந்த உறவில் அவள் என்னை என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், சொல்லவும் சொல்வாள்.

"என்ன கொழுந்தனாரே, மீனு எல்லாம் அண்ணாந்து படுத்துப் பாக்குது?"

"பேசாமப் போங்க மதினி."

அவள் போகவில்லை. பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பிடி மணல் அள்ளி மூக்கருகே கொண்டுபோனாள். பிறகு உள்ளங்கையில் தேய்த்தாள். விரல் இடுக்கில் நுரை வந்தது.

"இது சீயக்கால்ல?"

"ஆமா. சுத்தமா இருக்கணும்னு..."

"அட பாவி! மீனுக்கா எண்ணெ தேச்சுக் குளிப்பாட்டுனீக?" என்று சொல்லிச் சிரித்தவள், என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினாள். "எங்க ஊருல, கோடையில ஓடை வத்திக் குட்டமா நிக்கும்ல, அதுல காரக்காய இடிச்சுக் கரைப்போம். நுரை நுரையா வரும். செத்த நேரத்துல மீனு எல்லாம் மேல வந்து மூச்சு முட்டி மெதக்கும். கூடையில அள்ள வேண்டியதுதான். நுரைக்கிற காயி எதுவும் மீனுக்கு ஆகாது. நீங்க வெலை குடுத்து வாங்கி, இடிச்சு, ஊறப்போட்டுக் கொன்னிருக்கீக."

கருப்பையா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தான். "நீ நுரை போற வரைக்கும் பெட்டியக் கழுவு, நான் வேற மணல் கொண்டாறேன் மாப்ளே. ஆனா நாளைக்கு மீன விடாத," என்றான்.

"ஏன்?"

"புதுசா வெட்டுன கெணத்துல மீனு நிக்காது. நான் எத்தனை கெணத்துல கழுதைக்குத் தண்ணி எறைச்சிருக்கேன்! கல்லுல பாசி புடிக்கணும், தண்ணிக்கு ஒரு பழசு வரணும். பத்துப் பன்னெண்டு நாளு கெடக்கட்டும். அப்பறம் ரெண்டு மீனு விட்டுப் பாரு. ஒரேயடியா ஊரையே கொண்டாந்து எறக்காத."

அவன் சொன்னது சரி என்று என் மனசுக்குப் பட்டது. மறுநாள் திறப்பு என்பதும் மனசில் இருந்தது. இன்னொரு தடவை மீன் கொண்டு வந்து, திறப்பு நேரம் வரை பானையிலேயே வைத்திருந்து, எல்லோரும் வருகிற சமயத்தில் பெட்டியில் விட்டால் அரைநாளாவது நீந்துமே என்று ஒரு யோசனையும் வந்தது. அய்யாவும் விருந்தாளிகளும் பார்த்துவிட்டுப் போன பிறகு செத்தால் யாருக்குத் தெரியும்? ஆனால் செத்த ஒன்பது மீன்களையும் வாளியில் அள்ளிப் போட்ட பிறகு, அதைச் செய்ய என்னால் முடியவில்லை.

நிறுத்தி வைத்த பணம்

அய்யா பின்கட்டுப் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு காயை நகத்தால் கீறி முகர்ந்துகொண்டிருந்தார். நான் போய் நின்றேன்.

"அய்யா, நாளைக்கு மீன் விட முடியாது."

"நேத்து விட்டதெல்லாம்?"

"நேத்தே செத்துப்போச்சு. இன்னைக்குக் காலையில விட்டதும் செத்துப்போச்சு. பன்னெண்டு நாளு தண்ணிய மட்டும் விட்டு வைக்கணும்யா."

அவர் காயைக் கீழே வைத்தார். "மதுரையிலயும் இப்பிடித்தான் ஆச்சா?"

"மதுரையில நான் செய்யலய்யா."

"அந்த டாக்டரு?"

"டாக்டரே இல்லய்யா."

"மச்சான்?"

"டாக்டரே இல்லேங்கும்போது மச்சான் எங்கய்யா இருப்பாரு."

பின்கட்டில் பேச்சியம்மாள் சிரிப்பதும், அந்தச் சிரிப்பை முந்தானைக்குள் அமுக்குவதும் கேட்டன. அய்யா சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தார். காது மடல் சுட்டது. சிலேட்டு உடைந்த அன்று வாத்தியார் முன்னால் போய் நின்றிருந்தால் இப்படித்தான் இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

"விளக்கு?" என்றேன், தொண்டைக்குள்ளேயே.

"விளக்கு நீ செஞ்சத என் கையால தூக்கிப் பாத்திருக்கேன். அதுல பொய்யி இல்ல. அறுபதும் ஒனக்குத்தான்." மடியிலிருந்து பணத்தை எடுத்து எண்ணினார். "பெட்டிக்குப் பேசுனது பதினெட்டு. எட்டு குடுத்தாச்சு. மிச்சம் பத்து. இந்தா, ஆறே முக்கா. மூணேகால நிப்பாட்டி வைக்கிறேன்."

"மீனுக்காய்யா?"

"மீனு ஆத்துல சும்மா கெடைக்கிது. இது பொய்க்கு. எல்லாருக்கும் முன்னாடி நின்னு, 'இதுதான் நான் செஞ்ச மொதப் பெட்டி, இதுக்கு முன்ன ஒண்ணும் செஞ்சதில்ல'ன்னு சொல்லு. சொல்லிட்டுக் கையோட வாங்கிக்க. என்னைக்குச் சொன்னாலும் தருவேன்."

கூச்ச மீன்

வெள்ளிக்கிழமை மண்டி திறந்தது. நடுக்கூடத்தில் பெட்டி நின்றது. ஏழு தடவை கழுவிய பெட்டி, வெறும் ஆற்றுத் தண்ணீரில் அலசிய மணல், இரண்டு கூழாங்கல், கருப்பையா பறித்து வந்த வேலம்பாசி ஒரு கொத்து, ஏழு குடம் தண்ணீர். அதற்கு மேல் ஒன்றும் இல்லை.

பன்னீர் தெளித்து, சந்தனம் கொடுத்து, பானகம் கொடுத்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் பெட்டியைச் சுற்றிக் கூடினார்கள். நான் தூணோரம் நின்றேன். மூன்றே கால் ரூபாய் வாங்க இதைவிட நல்ல சமயம் வராது. சொல்ல வேண்டியதை மனசுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

"மீன் எங்கப்பா?" என்று கேட்டார் விருதுநகரிலிருந்து வந்திருந்த ஒரு பெரிய வியாபாரி.

அய்யா என்னைப் பார்த்தார். சொல்லு என்கிற பார்வை. நான் வாயைத் திறந்தேன்.

"அந்தா! அந்தக் கல்லுக்குப் பின்னாடி," என்றார் பெரியகுளத்துக்காரர் ஒருவர். "வாலு தெரிஞ்சுச்சு, உள்ள போயிருச்சு."

அவ்வளவுதான். ஆளாளுக்குக் குனிந்தார்கள். பாசிக்குள் ஒன்று இருப்பதாக ஒருவர் சொன்னார். ஒன்றில்லை, இரண்டு என்று இன்னொருவர் சண்டைக்கு வந்தார். சிவப்பா கறுப்பா என்று பேச்சு போயிற்று. கூட்டத்துக்குள் நுழைந்து வந்து பேச்சியம்மாள் என் காதோரம், "கொழுந்தனாரே, ஒண்ணு சினையா இருக்காம், அந்தக் கடுக்கன்காரரு சொல்றாரு," என்றாள்.

விருதுநகர்க்காரருக்கு மட்டும் ஒன்றும் தெரியவில்லை போலிருக்கிறது. "என்ன சாதி மீனு வேலுச்சாமி? என் கண்ணுக்கு ஆப்படலையே?"

அய்யா மறுபடி என்னைப் பார்த்தார். நான் தூணைப் பார்த்தேன். இந்த நேரத்தில் உண்மையைச் சொன்னால் வாலைப் பார்த்தவர், சினையைப் பார்த்தவர் எல்லோருக்கும் என்ன ஆகும், அதனால் அய்யாவுக்கு என்ன ஆகும், அதனால் எனக்கு என்ன ஆகும் என்று கவலை ஓட ஆரம்பித்துவிட்டது.

அய்யா தொண்டையைச் செருமினார். "மலை மீனுண்ணே. கூச்சம் சாஸ்தி. உத்துப் பாத்துக்கிட்டே இருந்தா வெளிய வரும்."

விருதுநகர்க்காரர் பெட்டிக்கு முன்னால் உட்கார்ந்து உற்றுப் பார்க்க ஆரம்பித்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். அய்யா பக்கத்தில் உட்கார்ந்து விலை சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் சரி, சரி என்று தலையை ஆட்டினார்.

கூட்டம் கலைந்த பிறகு எனக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது. "அய்யா, நீங்களும்தான மீன் இருக்குன்னு சொன்னீக?"

"நான் சொன்னது யாவாரம்டா. நீ சொன்னது பொய்யி."

"ரெண்டுக்கும் என்னய்யா வித்தியாசம்?"

"மூணேகால் ரூவா," என்றார்.

பன்னிரண்டாம் நாள் கண்ணாடியின் உட்புறம் மெல்லிய பச்சை படிந்திருந்தது. தண்ணீர் முகர்ந்தால் ஆற்றின் வாசனை. இரண்டே இரண்டு அயிரை விட்டோம். அவை மணலில் படுத்து, மணலை வாயால் அள்ளித் துப்பி, தங்கள் வீடு மாதிரி இருந்தன. நாலு நாள் கழித்து மூன்று கெண்டை. பேச்சியம்மாள் வாசல் பானையிலிருந்து கொசுப்புழு அள்ளி வந்து போடுவாள். ஒரு வாயில் ஒன்று என்று பிடித்துத் தின்னும். அதற்குப் பிறகு ஒரு மீன்கூடச் சாகவில்லை. காகிதம் கடைசி வரைக்கும் காய்ந்தே இருந்தது.

ஒவ்வொரு வருஷமும் நான் விளக்குக் கொண்டு போகும்போது அய்யா கேட்பார். "என்ன தகரக்காரரே, மூணேகால் வேணாமா? அந்தா, ஆளு இருக்கு, சொல்லு." நான் சுற்றிப் பார்ப்பேன். நாலு பேர் இருப்பார்கள். அதில் இரண்டு பேர் எனக்கு வேலை கொடுப்பவர்களாக இருப்பார்கள். சிரித்து மழுப்பிவிட்டு வந்துவிடுவேன். தனியாக இருக்கும்போது சொல்லிவிடலாமே என்றால், அவர் கேட்க மாட்டார். எல்லாருக்கும் முன்னாடி என்பதுதான் பேச்சு என்பார். அவர் போய்ச் சேர்ந்து வெகுகாலம் ஆகிறது. மண்டியை அவருடைய பிள்ளைகள் நடத்துகிறார்கள்.

இது அச்சாகும் வாரப் பத்திரிகையை எத்தனை பேர் படிப்பார்கள் என்று எனக்குத் தெரியாது. நாலு பேருக்கு மேல் இருக்கும். ஆகவே சொல்கிறேன். வேலுச்சாமி அய்யாவின் புது மண்டியில் வைத்ததுதான் நான் செய்த முதல் பெட்டி. அதற்கு முன் மதுரையிலும் செய்ததில்லை, வேறு எங்கும் செய்ததில்லை. டாக்டரும் இல்லை, மச்சானும் இல்லை.

எனக்கு வர வேண்டிய பாக்கி மூன்று ரூபாய் நாலணா.